ஷட்டரைக் காட்டிய கை

லின் மாஸ்டரின் வலது கை ஷட்டரைக் காட்டிக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி நாங்கள் வேலை பார்த்த ஷூ கம்பெனி. அங்கே பேஸ்டிங் ஹால் என்பது ஷூவின் மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் பசை தடவி ஒட்டுகிற கூடம். அன்றைக்கு இரண்டு கன்வேயர்களுக்கு நடுவில் பலகைகளைச் சேர்த்து ஒரு மேடை போட்டிருந்தார்கள். மேடைமேல் சீனாவிலிருந்து வந்த டெக்னீஷியன் லின். பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான். எதிரே நீலக் கோட்டு போட்ட பெண்கள் வரிசை வரிசையாக. முதல் வரிசையில் என் அக்கா எஸ்தர்.

மிஷின்களை நிறுத்தியிருந்தார்கள். பசை டப்பாக்களை மூடியிருந்தார்கள். ஆனாலும் வாசனை போகவில்லை. அது முதலில் இனிக்கும், பிறகு தொண்டையில் கரிக்கும், அப்புறம் தலைக்கு ஏறும். ஒரு மாதம் வேலை பார்த்தால் மூக்குக்குப் பழகிவிடும். மூக்குக்குப் பழகியதை உடம்புக்கே பழகிவிட்டதாக நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

லின் தன் அரைகுறை ஆங்கிலத்தில் பேசுவார், நான் தமிழில் சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு. எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றைத் தவிர. அக்காவின் மூச்சு அந்த ஒன்றில்தான் இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதுவதுகூட முழு உண்மை இல்லை.

கேள்வி கேட்ட வாசகருக்கு

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் கம்பெனி பஸ்ஸைப் பற்றி எழுதியபோது, பதினொரு மணிக்குச் சீனப் பயிற்சி செய்வோம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். குடியாத்தத்து வாசகர் ஒருவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அது என்ன பயிற்சி, எங்கிருந்து வந்தது, தன் முட்டிவலிக்குக் கேட்குமா என்று நாலு பக்கத்துக்குக் கடிதம்.

ஐயா, உங்களுக்கு ஒரு தபால் கார்டில் பதில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால் கை வேறு எங்கோ போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

லின் வந்தது கொரோனாவுக்கு முந்தைய ஏதோ ஒரு வருடம். தென் சீனாவில் ஷூ கம்பெனிகள் நிறைந்த ஒரு ஊர்க்காரர். என் வயதுதான், நாற்பதைத் தாண்டியவர். மாஸ்டர் என்ற பட்டம் சண்டைக்காக வந்ததில்லை. ஷூவுக்குப் பேட்டர்ன், அதாவது அளவு அச்சு, வெட்டுகிறவர் யாராக இருந்தாலும் எங்களுக்கு மாஸ்டர்தான்.

தினமும் வேலை தொடங்குமுன் லெதர் ஸ்டோருக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் போய் நிற்பார். முட்டியை லேசாக மடக்கி, பெரிய பானையைக் கட்டிப் பிடித்திருப்பவர் மாதிரி கைகளை வளைத்து, கால்மணி நேரம் அசையவே மாட்டார். முதல் நாள் செக்யூரிட்டி அண்ணன் சாம்பிள் ரூமுக்கு ஓடி வந்தார்.

"மேடம், அந்த சைனாக்காரருக்கு இன்னாமோ ஆயிடுச்சு. ஆடாம அசையாம நிக்கிறாரு. மூஞ்சில தண்ணி தெளிக்கட்டா?"

நான் அப்போது, புது மாடல் ஷூக்களை முதலில் செய்து பார்க்கிற அந்த சாம்பிள் ரூமில் உதவியாளர். மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் கொஞ்சம் கையில் இருந்ததால் லின்னை என் தலையில் கட்டியிருந்தார்கள். வேலை செய்கிற இடத்துக்குள் போன் கொண்டுவரக் கூடாது. அதனால் போனில் மொழிபெயர்த்துப் பார்க்கிற வழியும் இல்லை. அவர் வாய்க்கும் எங்கள் ஆட்களின் காதுக்கும் நடுவில் இருந்தது நான் ஒருத்திதான்.

காஞ்சிபுரத்துச் சாமியார்

லின் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டு நேரங்களில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் ஒன்றும் ஆராய்ச்சி செய்யவில்லை.

சீனத்தில் இந்த வித்தைகள் ஒரே இடத்தில் பிறந்தவை அல்லவாம். படைவீரர்கள் பழகியது ஒன்று. கொள்ளைக்காரர்களிடமிருந்து ஊரைக் காப்பாற்றக் குடியானவர்கள் பழகியது ஒன்று. மடத்துத் துறவிகள் பழகியது இன்னொன்று. ஒரு கிராமத்தில் ஒரே குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருந்த சண்டைதான் பின்னால் மெதுவாக அசைகிற பயிற்சியாக ஊரெங்கும் பரவியது என்றார். துப்பாக்கி வந்த பிறகு கைச்சண்டைக்கு வேலை குறைந்துபோனது. அதற்குள் இருந்த மூச்சும் நிதானமும் மட்டும் தங்கின. இப்போது காலையில் பூங்காவுக்குப் போனால் தாத்தா பாட்டிகள்தான் அதைச் செய்துகொண்டிருப்பார்களாம்.

கட்டிங் செக்‌ஷனில் பாஷா பாய் என்று ஒருவர் இருந்தார். மேல்விஷாரத்துக்காரர், வாய் சும்மா இருக்காது.

"ரூத்தம்மா, இவுரு கிட்ட ஒண்ணு கேளுங்க. நம்ம காஞ்சிபுரத்துலேர்ந்து போன சாமியாரு தானே இவுங்களுக்கு சண்டையே கத்துக்குடுத்தாரு? தோஸ்து, ஒத்துக்கிறாரா இல்லியா?"

கேட்டேன். லின் சிரித்தார். அந்தத் துறவியை நாங்களும் கும்பிடுகிறோம், ஆனால் சண்டையைக் கற்றுக்கொடுத்தது அவர்தான் என்பது வெகுகாலம் கழித்து யாரோ எழுதிச் சேர்த்தது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள் என்றார்.

நான் பாயிடம் திரும்பி, "ஆமாம் பாய், நம்ம ஊர்க்காரர்தானாம்" என்றேன்.

பாய்க்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அன்றைக்குத் தன் டப்பாவிலிருந்த பிரியாணியில் பாதியை லின் தட்டில் கொட்டிவிட்டார். ஒரு மனுஷருக்குச் சந்தோஷம் கிடைக்குமென்றால் நடுவில் இருப்பவள் இரண்டு வார்த்தையை மாற்றிப் போடுவதில் தப்பில்லை என்று எனக்குப் பட்டது. மாற்றிச் சொல்ல வாய் பழகியது அங்கேதான்.

ஆரணிப் பட்டு

எங்களுக்கு லின் சொல்லிக்கொடுத்தது சண்டை இல்லை. சண்டை பழகுகிறவர்கள் உடம்பைப் பக்குவப்படுத்தச் செய்கிற எட்டு அசைவுகள். அவற்றின் பெயரே எட்டுத் துண்டுப் பட்டு. அதைக் கேட்டதும் அக்கா, "ஆரணிப் பட்டா, காஞ்சிப் பட்டா?" என்றாள். அன்றிலிருந்து கம்பெனி முழுக்க அதற்கு ஆரணிப் பட்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

விரல்களைக் கோத்து, உள்ளங்கையைத் திருப்பி, வானத்தைத் தாங்குகிறவர் மாதிரி தலைக்குமேல் தூக்குவது முதல் அசைவு. அடுத்தது வில்லை இழுப்பது. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது ஒன்று. கடைசியில் குதிகாலைத் தூக்கி ஏழு முறை இறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூச்சை நிதானமாக இழுத்து நிதானமாக விட வேண்டும்.

குடியாத்தத்து ஐயா, இது நல்ல பயிற்சி. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. முட்டிக்கு நல்லது. வயதானவர்கள் தடுமாறி விழுவது குறைகிறது என்று மருத்துவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். தூக்கம் வரும், மனசு அடங்கும். நாள் முழுக்கக் குனிந்தே இருந்து கல்லாகிப்போயிருந்த என் தோள் இரண்டே மாதத்தில் இளகியது. வாட்ஸ்அப்பில் வருகிறபடி சர்க்கரையை விரட்டும், கட்டியைக் கரைக்கும் என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருந்தை நிறுத்தாமல், காற்றோட்டமான இடத்தில் நின்று செய்யுங்கள்.

காற்றோட்டமான இடத்தில். இந்த இரண்டு வார்த்தையை எழுத எனக்கு இவ்வளவு வருடம் ஆகியிருக்கிறது.

அக்காதான் எல்லாரையும்விட நன்றாகச் செய்தாள். சர்ச்சில் அவள் பாடினால் மைக் வேண்டாம், அப்படி ஒரு நெஞ்சு அவளுக்கு. ஒரு மூச்சை இழுத்தால் மற்றவர்கள் இரண்டு மூச்சு விட்டு முடித்துவிடுவார்கள். லின்னே அவளைக் காட்டி, இவரைப் பார்த்துச் செய்யுங்கள் என்பார்.

மேனேஜர் கொடுத்த பத்து நிமிடம்

ஆரம்பத்தில் வேப்பமரத்தடியில் சாப்பாட்டு நேரத்தில் ஏழெட்டுப் பேர்தான் செய்துகொண்டிருந்தோம். அதை எச்.ஆர். மேனேஜர் மாடியிலிருந்து பார்த்துவிட்டார். எங்கள் ஷூவை வாங்குகிற வெளிநாட்டு பையர் கம்பெனியைச் சோதித்துப் பார்க்க, ஆடிட்டுக்கு வருகிற நேரம். தொழிலாளர் நலனுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்று வேண்டும். பேஸ்டிங் ஹாலில் பசையின் புகையை வெளியே இழுக்கிற ஃபேன் இரண்டு கெட்டுப்போய்க் கிடந்தன. அவற்றைச் சரிசெய்வதைவிட எங்கள் கையைத் தூக்க வைப்பது சுலபமாக இருந்தது.

ஆடிட் அன்று காலையில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"டெய்லி பதினோரு மணிக்கு டென் மினிட்ஸ். லைன்லயே நின்னு பண்ணட்டும். வெளிய கூட்டிட்டுப் போய்ட்டு வந்தா அரை மணி போய்டும், டார்கெட் கம்மியாவும். இதுக்கு ஓகேன்னா பண்ணலாம், இல்லன்னா வுட்ருங்க. நீங்க பாசிடிவா சொல்லுங்க ரூத்."

பத்து நிமிடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று லைனில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். பாத்ரூம் போகவே டோக்கன் வாங்க வேண்டிய இடம் அது. அந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட எனக்கு மனசு இல்லை. சாம்பிள் ரூம் இன்சார்ஜ் வேலைக்கு என் பெயரும் அடிபட்டுக்கொண்டிருந்தது. எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

மறுபடி அந்த மேடை

லின்னுக்கு மரத்தடி என்றுதான் எண்ணம். மேடை ஏறியபிறகுதான், தினமும் நடக்கப்போவது இந்தக் கூடத்துக்குள்ளேயே என்று அவருக்குத் தெரிந்தது. எட்டு அசைவுகளையும் செய்து காட்டினார். பலன்களைச் சொன்னார். நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். ஆடிட்டுக்கு வந்திருந்த வெள்ளைக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு அடுத்த கூடத்துக்குப் போனார்கள்.

பிறகு லின் மூக்கைச் சுளித்தார். நெஞ்சைத் தொட்டார். கையை நீட்டி, கூடத்தின் கோடியில் மூடியிருந்த ஷட்டரைக் காட்டினார்.

"ஹியர் நோ. அவுட்சைட். அவுட்சைட்" என்றார். ஆழமாக மூச்சை இழுத்தால் கெட்ட காற்றும் ஆழமாகப் போகும், முதலில் நல்ல காற்று, அப்புறம்தான் இது என்றார். தன் ஊரிலும் பசை வேலைதான், தனக்குத் தெரியும் என்றார்.

மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷட்டரைக் காட்டிய கை இன்னும் இறங்கவில்லை. எதையாவது சொல்லியாக வேண்டும்.

"நல்லா ஆழமா மூச்ச இழுத்து வுடணுமாம்" என்றேன் மைக்கில். "உள்ள இருக்கிற கெட்டதெல்லாம் வெளிய போய்டுமாம்."

எல்லாரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள்.

நாலைந்து நாள் கழித்து, பதினொரு மணிக்கு சாம்பிள் ரூம் கண்ணாடி வழியாக லின் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேரும் கோத்த கைகளைத் தலைக்குமேல் தூக்கி, வாயை மூடி, மூக்கால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் என் பக்கம் திரும்பி, நான் சொன்னதைச் சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன், மேனேஜர்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். முதல் பொய்க்கு முட்டுக்கொடுக்க இரண்டாவது பொய்.

அதற்குப் பிறகு அவர் பதினொரு மணிக்கு அந்தக் கண்ணாடிப் பக்கம் வந்ததே இல்லை. காண்டிராக்ட் முடிந்து ஊருக்குப் போகும்வரை தனியாக வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு இன்சார்ஜ் வேலை கிடைத்தது.

பேக்கிங்

அக்காவுக்கு முதலில் வறட்டு இருமல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சரியாகிவிடும், திங்கள்கிழமை திரும்ப வரும். அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கிற புத்தி எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. எனக்கு இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்த புத்தியைத்தான் சொல்கிறேன்.

ஒருநாள் பஸ்ஸில் அக்கா கேட்டாள்.

"பேக்கிங்ல ஆள் கேக்கறாங்க, ரூத்து. அங்க பசை இல்ல. மாறிடவா? நெஞ்சு பேஜாரா கீது."

"பேக்கிங்ல சம்பளம் கம்மிக்கா. இருமல் யாருக்கு இல்ல? நீ ஆரணிப் பட்டை விடாம செய். ஜாஸ்தி மூச்சு இழு, சரியாயிடும்."

அவள் விடாமல் செய்தாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் இரண்டு நாளில் விட்டிருப்பாள். நான் சொன்னதால் மூன்று வருடம் செய்தாள். தோள்வலி போனது, ராத்திரி தூக்கம் வருகிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அது உண்மையும்கூட. அதனால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகாமலே நாள் ஓடியது.

ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாட எழுந்தவள் இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். சுருதி தப்பியது என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியதை நான்தான் பார்த்தேன்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது என்ன வேலை என்று. எத்தனை வருடம் என்று. கூடத்தில் ஃபேன் ஓடுமா, மாஸ்க் கொடுப்பார்களா என்று. ஆடிட் வந்தால் கொடுப்பார்கள் என்றாள் அக்கா. டாக்டர் கோபப்படவில்லை. இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் காட்டிச் சொல்ல முடியாது, ஆனால் இருமல் தொடங்கியபோதே அந்த இடத்தை விட்டு மாறியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார்.

பத்து நிமிடம்தானே, மீதி நேரமெல்லாம் அந்தக் காற்றைத்தானே அவள் எப்படியும் இழுத்துக்கொண்டிருந்தாள் என்று என் மனசு எனக்காக அடிக்கடி வாதாடும். வாதாடட்டும். பேக்கிங்குக்குப் போக எழுந்தவளை உட்கார வைத்தது நான். அதற்கு எந்த வாதமும் இல்லை.

சத்துவாச்சாரி

இப்போது அக்கா என்னோடு வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறாள். ஆஸ்பத்திரி பக்கம் என்பதால் இங்கே வீடு பிடித்தோம். ஆக்சிஜன் மிஷின் பகல் முழுக்க ஓடுகிறது. கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் போய்வர நடுவில் ஒருமுறை உட்கார வேண்டியிருக்கிறது. தலை வாரிக்கொள்ளக் கை தூக்கினால் மூச்சு வாங்குகிறது. அவள் தலையை நான்தான் வாருகிறேன்.

இனிமேல் சரியாகாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். இந்த இடத்தில் நீங்கள் ஒரு ஆறுதலை எதிர்பார்ப்பீர்கள். என்னிடம் இல்லை.

இந்தத் தொடரை ஒவ்வொரு வாரமும் பத்திரிகைக்கு அனுப்புமுன் அக்காவுக்குப் படித்துக் காட்டுவேன். எழுத்தை உற்றுப் பார்த்தால் அவளுக்குத் தலை சுற்றுகிறது. பஸ் கதையைப் படித்தபோது சிரித்துச் சிரித்து இருமினாள். இந்த வாரத்துக்கு வேறு ஏதாவது எழுதிவிடலாமா என்று நாலு நாள் யோசித்தேன். மறுபடி ஒன்றை விட்டுவிட்டுப் படிப்பதற்கு எனக்குத் தெம்பு இல்லை. நேற்று மத்தியானம் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, மேடையிலிருந்து டாக்டர் வரைக்கும் எழுதியிருந்ததைப் படித்தேன். மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று கொஞ்சம் உரக்கவே படித்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

படித்து முடித்ததும் அக்கா மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டாள்.

"அவுட்சைட்னு தானே சொன்னாரு" என்றாள். "அது கூடவா எனக்குத் தெரியாது? எத்தினி வருசம் கம்பெனில இருந்தேன்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஷட்டரத் தான் காட்டினாரு. நான் முன்னாடி தானே நின்னேன்." மூச்சு வாங்கிக்கொள்ள நிறுத்தினாள். "எனக்கு அப்பவே புரிஞ்சுது, வெளிய போய் பண்ண சொல்றாருன்னு."

"அப்புறம் ஏன்க்கா?"

"நீ வேற மாதிரி சொன்னியே."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இன்னொரு மூச்சுக்குக் காத்திருந்தாள்.

"நீ இங்கிலீஷ் படிச்சவ. ரூத்து தப்பா சொல்ல மாட்டா, நமக்குத் தான் சரியாப் புரியலன்னு நெனச்சிக்கினேன்."

திட்டியிருக்கலாம். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கலாம். அவள் என் கையிலிருந்த காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, மீதியப் படி" என்றாள்.

காகிதத்தில் அதற்குமேல் ஒன்றும் இல்லை.